மோட்டார் சுவிட்ச் தொடர்பாக ஒரு பாட்டு

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுவது கலைமதியின் வேலை. ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, பலகைமேல் ஏறி நின்று, ஒட்டடைக் கம்பின் நுனியால் சுவிட்சைத் தட்டுவாள். கையால் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். அரிமளத்தில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் வசந்த் அந்த நேரத்தில் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். அவர்தான் அவள் கணவர்.

பகலில் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதித் தருவாள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, எரியாத தெருவிளக்கு என்று இருபது வருஷமாக. அதற்கு முன்னால், புதுக்கோட்டையில் காலேஜ் படித்தபோது, கவிதை எழுதினாள். எல்லாம் நிலா. கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போதெல்லாம் நிலாவைப் பார்த்தால், மாடியில் காயப்போட்ட வற்றலை எடுத்தோமா என்றுதான் தோன்றும்.

போன வைகாசியில் ஷர்லி போன் செய்தாள். காலேஜில் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது நர்ஸ். லீவு நாளில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறாள்.

"திருமயத்துல ஒரு காதணி விழாடி. மத்தியானம் நான் பாடுறேன். வந்து கேளு, சாப்பாடும் உண்டு."

கலைமதி போனாள். ஷர்லி நன்றாகத்தான் பாடினாள். ஆனால் பாட்டுக்குப் பாட்டு, காது குத்துகிற பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி மைக்கைப் பிடுங்கி ஏதாவது அறிவித்துக்கொண்டே இருந்தார். நாலாவது தடவை ஷர்லி மைக்கை விடவில்லை. "என்ன சொல்லணுமோ காதுல சொல்லுங்கண்ணே" என்றாள். அவர் சொன்னார். அவள் பாடிக்கொண்டிருந்த மெட்டை விடாமலே அதைப் பாடினாள்:

"வாசலில் நிற்கும் வெள்ளைக் காரே, டிஎன் அம்பத்தஞ்சே, கொஞ்சம் ஒதுங்கு... சாம்பார் வண்டி உள்ள வரணும்..."

மண்டபமே கைதட்டியது. காரின் சொந்தக்காரர் எச்சில் கையோடு ஓடினார். கலைமதி அப்பளத்தைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எப்புடிடி?" என்று பிறகு கேட்டாள்.

"வார்த்தை எதுவா இருந்தா என்னடி, மெட்டுல உக்காந்தாச் சரி. அடுத்த மாசம் ஒங்க ஊரு மகளிர் குழு விழாவுல பாடுறேன். ஒரு பாட்டு எழுதிக் குடு."

"நான் மனுதான் எழுதுறேன்."

"அதையே குடு."

முதல் நாள் 'நிலவே' என்று எழுதி அடித்தாள். மறுநாளும் அதே நிலவு, அதே அடி. மூன்றாம் நாள் கை தானாக 'அனுப்புநர்' என்று எழுதியது. அப்புறம் நிற்கவில்லை. அடுப்பில் சோறு குழைந்து களியாகிப்போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

விழாவுக்கு மைக், லைட் எல்லாம் வசந்த்தான். மேடை ஓரத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷர்லி ஆரம்பித்தாள்:

"பெறுநர் எங்க வீட்டுக்காரரே,
பொருள் மோட்டார் சுவிச்சு தொடர்பா,
பதினோரு மாசமா என் மனு
பாயில படுத்துத் தூங்குதய்யா..."

முதலில் சிரித்தவர் வசந்த்தான். "எவன்டா அந்த வீட்டுக்காரன்!" என்று உதவிக்கு வந்த ராக்கன் முதுகில் ஓங்கித் தட்டினார். அடுத்த அடி "ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்த உத்தமரே" என்று வந்தது. இருநூறு பெண்கள் ஒரே நேரத்தில் மேடை ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வசந்த் குனிந்து, நன்றாக இருந்த ஒயரைச் சோதிக்கத் தொடங்கினார்.

அன்று வீட்டில் பேச்சில்லை. மறுநாளும் இல்லை.

அடுத்து விராலிமலை மகளிர் குழு விழாவுக்கு இன்னும் இரண்டு பாட்டு வேண்டும் என்று ஷர்லி சொல்லியிருந்தாள். கலைமதி நோட்டில் எழுதத் தொடங்கியும்விட்டாள். அவர் எழுதாதே என்றால் சண்டை போட்டுவிடலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் கஷ்டம். ஒவ்வொரு வரிக்கும் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டிவரும். அப்படி எழுதினால் மறுபடி நிலாதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டீக்கடையிலிருந்து வந்தவர் நேராக அவள் எழுதிக்கொண்டிருந்த அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எல்லாப் பயலும் கேக்குறாய்ங்க. ஒன்னப்பத்தித்தானாமேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். வேற யாரு இருக்கா இந்த ஊர்ல அப்புடி?" கொஞ்சம் பெருமையாகவே சொன்ன மாதிரி இருந்தது. உடனே குரலை மாற்றினார். "ஆனா நீ எழுதுனது தப்பு."

அவள் பேனாவை இறுக்கிப் பிடித்தாள்.

"பதினோரு மாசமில்ல. ஒம்பது."

"பதினொண்ணுதாங்க. மெட்டுக்காகப் போடல."

"சரி, விடு." கட்டிலிலேயே அவள் நாற்காலிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "எங்க அண்ணன் இருக்காருல்ல, என் ஏணிய வாங்கிட்டுப் போயி மூணு வருசம் ஆகுது. கேட்டா, எந்த ஏணிங்கிறாரு. அத ஒரு பாட்டாப் போடு. மொத வரி நானே யோசிச்சிட்டேன். 'ஏணியே ஏணியே, எங்கிட்டு இருக்க'. எழுதிக்க."

அவள் எழுதவில்லை.

"அடுத்து அவரு பொண்டாட்டி. அதுக்குத் தனியா ஒரு பாட்டு வேணும், ஒண்ணுல அடங்காது. விராலிமலைக்கு நானும் வாரேன், மைக்குக்கு. யாராரு எப்புடி முழிக்கிறாங்கன்னு பாக்கணும்ல."

கலைமதி நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாடியில் தனியாக உட்கார்ந்து எழுதலாம் என்று எழுந்தாள்.

"அண்ணன் பேர நேராவே போட்டுரு. ஏகாம்பரம். மெட்டுல உக்காரும்ல?"

அவள் வாசற்படியைத் தாண்டிவிட்டாள்.

"ஏய், உக்காருமா உக்காராதா, சொல்லிட்டுப் போ!"