அக்காவின் காரும் அத்தை போட்ட அட்சதையும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது அக்காவின் காரில் ஒருமுறை ஏற ஆசைப்பட்டு, இடம் கிடைக்காமல் போனவர்களாக இருப்பீர்கள். அந்த வருத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் மேலே படிக்கும்படி தங்கையாகிய நான் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது அபிஷேகப்பாக்கத்தில், நெல் விவசாயக் குடும்பத்தில். அப்பா காலமானபோது அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அம்மா மனமுடைந்து படுத்துவிட்டார். வயலுக்குத் தண்ணீர் கட்டியதும், களத்தில் நின்று அறுப்புக் கூலி அளந்து போட்டதும், எனக்குத் தலைபின்னி விட்டதும் அக்காதான். படிப்பு அத்தோடு நின்றது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் என்னை மட்டும் ஒருநாள்கூட வீட்டில் இருக்க விடவில்லை. காய்ச்சல் என்றால்கூட, "பள்ளிக்கூடத்துல போயி காயி" என்று அனுப்பிவிடுவார். நான் இன்று ஆசிரியையாக இருக்கிறேன் என்றால் அதற்கு அக்காவின் அந்தக் கருணையற்ற அன்புதான் காரணம்.

திருக்கனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த குடும்பத்தில் அக்காவைக் கொடுத்தோம். அக்காவின் கணவரை மாமா என்றும், மாமியாரை அத்தை என்றும் நானும் அழைப்பேன். அத்தைக்கு வாய் கொஞ்சம் அதிகம். மருமகளைப் பகலெல்லாம் குறை சொல்வார், ஆனால் மருமகள் சாப்பிடாமல் தானும் சாப்பிட மாட்டார். மாமா நல்லவர், ஆனால் முன்கோபி. கோபம் வந்தால் பெற்ற தாய் என்றும் பார்க்காமல் கத்துவார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவார். அதை மட்டும் அக்காவால் தாங்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் வேலை முடிந்து நாடு திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி தன் காரை விற்றுவிட்டுப் போனார். பந்தயக் கார் மாதிரி தாழ்வான கார், இரண்டே இருக்கை. மண்டி வியாபாரிக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. மாமா ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. மாமாவின் தொப்பை ஸ்டீயரிங்குக்கு வழிவிடவில்லை. உள்ளே போனவரை வெளியே எடுக்க மண்டி ஆட்கள் இரண்டு பேர் வரவேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அக்காவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் காரில் ஒரு வசதி உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எண்ணெயின் அழுத்தமும் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும். அதற்கென்று எஞ்சின் ஓரத்தில் தேங்காய் அளவில் ஒரு பம்பு இருந்தது. அக்காவின் ஒல்லிக் கைக்கு அந்தப் பம்புதான் துணை. அவர் ஓட்டக் கற்றதும் இன்னொரு இருக்கையை அத்தை பிடித்துக்கொண்டார். முட்டிவலியால் பஸ் படி ஏற முடியாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டோடு கிடந்தவர் அவர். மருமகள் கார் ஓட்டினால் மானம் போகும் என்றவரும் அவரேதான். பிறகு வில்லியனூர் தேருக்கு, வைத்தியரிடம், பூரணாங்குப்பத்தில் இருந்த அத்தையின் தங்கை வீட்டுக்கு என்று மாமியாரும் மருமகளும் ஊர் சுற்றினார்கள். காரின் சொந்தக்காரர் பின்னால் பஸ்ஸில் வந்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பம்பு ஒழுக ஆரம்பித்தது. எண்ணெய் குறையக் குறைய ஊளைச் சத்தம் வந்தது. கடைசியில் ஸ்டீயரிங் அம்மிக்கல் மாதிரி கனத்துவிட்டது. ஒரு திருப்பத்துக்குள் அக்காவின் தோள் வீங்கிவிடும். சென்னையில் ஒருவர் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வித்துடலாம்" என்றார் மாமா. அக்கா விடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கள் சித்தப்பா மகனுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது எல்லோரும் சென்ட் பாட்டிலுக்காகக் காத்திருக்க, பெட்டியிலிருந்து துணி சுற்றிய ஒரு பம்பு வெளியே வந்தது. எங்கள் சித்தி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

"இதுவும் வேலைக்காவலன்னா கார் இருக்காது, பார்த்துக்கோ" என்று மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

வில்லியனூர் லாரி மெக்கானிக் கலியபெருமாள் வந்து பம்பை மாட்டினார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அக்கா தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். கார் திரும்பும்போதே கறகறவென்று ஒரு சத்தம். வாசலுக்கு வந்து சேருவதற்குள் ஸ்டீயரிங் பழையபடி கனத்துவிட்டது. கலியபெருமாள் பம்பைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே இருந்ததை விரலால் வழித்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணி, இது இன்னா, அரிசி மாதிரி இருக்குது?"

அரிசிதான். மஞ்சள் தடவிய அட்சதை, நசுங்கிக் கூழாகியிருந்தது. அதோடு விபூதி வேறு. வாசற்படியில் நின்றிருந்த அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் பம்பைப் பூஜையறையில் வைத்தவர் அவர். வெளியே சந்தனம் குங்குமம் வைத்ததோடு நில்லாமல், துளைகளை அடைத்திருந்த மூடிகளைப் பிடுங்கி, உள்ளேயும் விபூதி அட்சதை போட்டு, மூடிகளைத் திரும்பவும் பத்திரமாக அழுத்தி வைத்திருக்கிறார். கார் நன்றாக ஓடவேண்டும் என்று அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"எவ வேல இது?" மாமாவின் குரல் ஏறியது.

"நான்தாங்க" என்றார் அக்கா. "சாமிகிட்ட வெச்சப்போ போட்டுட்டேன். உள்ள போவும்னு தெரியல."

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் உடைந்தது.

"பம்புக்குப் பொங்கல் வெச்சவகிட்ட கார கொடுத்தது என் தப்பு" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாமா மண்டிக்குப் போய்விட்டார். சென்னைக்காரருக்கு அன்றே ஆள் அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அழுதார். கொஞ்ச நேரம்தான். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலியபெருமாளோடு உட்கார்ந்துவிட்டார். "புதுசுல ஒடம்பு நல்லாருக்குது, உள்ளாற போச்சு. பழசுல உள்ளாற நல்லாருக்குது, ஒடம்புதான் ஒழுவுது" என்றார் கலியபெருமாள். "அப்போ ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிப் பாரேன்பா" என்றார் அக்கா. "சேருமோ இன்னாமோ" என்று இழுத்தார் அவர். குழாய்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, பழைய பம்பின் உள்பாகங்களைப் புதியதன் உடம்புக்குள் வைத்து மாட்டினார்கள். மறுநாள் காலையில் கலியபெருமாள் சாவி இல்லாமலே ஒயரைச் சேர்த்து எஞ்சினைக் கிளப்பியதும் ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியது. ஆனால் சாவி மாமாவிடம் இருந்தது. விற்றுவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

மாமா வந்தார். சாவியை அக்காவின் கையில் வைத்தார். "அம்மாவ வில்லியனூருக்கு இட்டுக்கினு போ" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அத்தை கண்மூடும் வரை அக்கா அவரை அந்தக் காரில்தான் அழைத்துப் போனார். விசேஷ வீடுகளில் மாமா, "எங்க வூட்டம்மா பம்புக்கே அட்சத போட்டவங்க" என்று கேலி செய்வார். சபையே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். அத்தை மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்.

கடைசி நாட்களில், வயிற்று நோவுக்கு நடுவிலும் அக்காவுக்கு விளையாட்டுப் போகவில்லை. "நான் போனப்புறம் உங்க மாமாகிட்ட சொல்லிடு. அட்சத போட்டது நான் இல்லன்னு. கெட்ட பேரோட போவ மாட்டேன்" என்றார். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று பயம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "அன்னிக்கி சாயங்காலமே எங்கம்மா மண்டிக்கு வந்துட்டாங்க. அந்த முட்டியோட நடந்தே வந்தாங்க. 'நான்தான்டா போட்டேன், எனக்காக அவ பழிய ஏத்துக்கினா. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அவ மனசு நோவும்'னு சொன்னாங்க. அப்புறம் எப்படி நான் அந்தக் கார விப்பேன்?"

"அப்போ இத்தனை வருஷமா கேலி பண்ணீங்களே மாமா?"

"நிறுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிருப்பா."

அக்காவின் இறுதிக் காலத்தில் இரவு பகல் பாராமல் உடனிருந்த உறவினர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், மண்டித் தொழிலாளர்கள், மெக்கானிக் கலியபெருமாள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதோடு முடித்திருந்தேன். மாமா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் எழுதியிருக்கியே, அவளுக்கு எழுதலியே" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய வரி இது:

எங்க அம்மாவ அன்னிக்கி என் வாயிலேருந்து காப்பாத்துனதுக்கு நன்றி. இருக்கறப்போ சொல்லல.