பெரியப்பா வீட்டு மான்

என்ரை சகலனிலை எனக்கு எரிச்சல் வந்தது, அவற்றை வீடு பெரிசெண்டோ கார் புதுசெண்டோ இல்லை. அதெல்லாம் நான் ஏற்கெனவே பொறாமைப்பட்டு முடிச்ச விஷயங்கள். இது மானாலை வந்தது.

தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை நாங்கள் மெல்பேர்ணுக்குக் கிழக்கை, மலையடிவாரத்திலை இருந்தனாங்கள். மனிசியின்ரை அக்காவும் அவவின்ரை புருஷனும், அதுதான் என்ரை சகலன், மூண்டு வீடு தள்ளி இருந்தவை. எல்லா வளவுக்கும் பின்னாலை ஒரே காடுதான். ஆனா அந்தக் காட்டிலையிருந்து மான் இறங்கிறது அவற்றை வளவுக்கு மட்டும். ஊரிலை மரை எண்டு சொல்லுவம், அந்தப் பெரிய மான். எங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேலை முந்தி எங்கடை இலங்கைப் பக்கத்திலையிருந்து கப்பல்லை வந்து, ஒரு இன்ரவியூவும் இல்லாமல் நிரந்தரமா இருக்கப் பி.ஆர். விசா எடுத்த சாதி. அப்பிடிப் பாத்தா எனக்கும் அது சொந்தம்தானே.

என்ரை மகளுக்கு அப்ப எட்டு வயசு. பள்ளிக்கூடத்தாலை வந்து பையை எறிஞ்ச கையோடை, "பெரியப்பா வீட்டை போறன்" எண்டு ஓடியிடுவாள். மான் பாக்க. இருட்டமுந்தித் திரும்பி வந்து சாப்பாட்டு மேசையிலை இருந்தாளெண்டா, பெரியப்பா சொன்னவர், பெரியப்பா காட்டினவர், பெரியப்பாவுக்குத்தான் தெரியும். நான் நாள் முழுக்க ஃபக்டரியிலை நிண்டு போட்டு வந்து அவற்றை புராணம் கேட்டுக்கொண்டு சோறு தின்னுவன்.

ஒருநாள் வகுப்பிலை குடும்பப் படம் கீறச் சொல்லியிருக்கினம். நடுவிலை மான். பக்கத்திலை பெரியப்பா, கதிரையிலை. அம்மா, பெரியம்மா எல்லாரும் வரிசையா நிக்கினம்.

"அப்பா எங்கை?"

"காருக்குப் பின்னாலை."

வடிவாப் பாத்தன். ஓம், காருக்கு மேலாலை என்ரை அரைத் தலை தெரிஞ்சுது. மானுக்கு நாலு காலும் ஒழுங்காக் கீறியிருந்தவள்.

அண்டைக்கு முடிவெடுத்தன். மான் என்ரை குசினி யன்னலுக்கு முன்னாலை வரவேணும். மகள் என்ரை பக்கத்திலை நிண்டு அதைப் பாக்கவேணும்.

குதிரைத் தீன் விக்கிற கடைக்குப் போய் ஒரு தொட்டியும், ரெண்டு மூட்டை உடைச்ச சோளமும், ஒரு கட்டுக் காய்ஞ்ச புல்லும் வாங்கினன். கடைக்காரக் கிழவன் என்னத்துக்கு எண்டு கேட்டான். சொன்னன். அந்த வருஷம் நல்ல மழை, கடை வாசல்லையே புல்லு முழங்கால் அளவுக்கு நிண்டது. அவன் அதைக் கையாலை காட்டினான்.

"மேட், காடு முழுக்க இப்பிடித்தான் கிடக்கு. வயிறு முட்டின மான் ஏன் உன்ரை தொட்டிக்கு வரப்போகுது?"

நான் மனசுக்குள்ளை சிரிச்சன். வயிறு முட்டின ஆளைச் சாப்பிட வைக்கிறது எங்கடை சனத்துக்கு ஒரு வேலையே? "இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்" எண்டு வாசல்லையே சொல்லுறவனைப் பிடிச்சு இருத்தி, மூண்டு தரம் சோறு போட்டு, மூச்சு வாங்க வழியனுப்பிற ஆக்கள் நாங்கள். மான் எம்மாத்திரம்.

உபசாரம் தொடங்கினது. வீட்டிலை நிக்கிற நேரமெல்லாம் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போய்ப் பாப்பன். பழசை அள்ளிப்போட்டுப் புதுசு போடுவன். விருந்தாளிக்கு ஊத்தைத் தட்டு வைக்கலாமோ எண்டு தொட்டியைச் சவுக்காரம் போட்டு உரஞ்சிக் கழுவுவன். சுத்திவர நிண்ட புல்லை ஒட்ட வெட்டிப் பாதை விட்டன். கரட் சீவி வைச்சன். பேந்து சர்க்கரையும் இடிச்சுத் தூவினன்.

மனிசி யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டவ. "புது மருமோனுக்கு விருந்து வைக்கிற மாதிரி ஓடித் திரியிறியள். இவ்வளவு வருஷத்திலை எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பியளோ?"

வெள்ளைக் கிளியள் கூட்டமா வந்து, சொல்லாமல் கலியாணத்துக்கு வந்த ஆக்கள் மாதிரிச் சத்தம் போட்டுத் திண்டுதுகள். மான் வரேல்லை. ஒருநாள் பின்னேரம் என்ரை வேலிக்குப் பின்னாலை நடந்து போனது. தலையைத் திருப்பித் தொட்டியைப் பாத்தது, என்னையும் பாத்தது, நேரா சகலன் வீட்டுப் பக்கம் போட்டுது. அண்டைக்கு எனக்கு வயிறு எரிஞ்ச எரிவிலை இரவுச் சாப்பாட்டைச் சூடாக்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெக்கத்தை விட்டுப்போட்டு அங்கை போனன்.

"அண்ணை, நீங்கள் மானுக்கு என்ன போடுறனீங்கள்?"

"நானோ? ஒண்டும் போடுறேல்லை."

நான் நம்பேல்லை. சோதினைக்குப் படிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு முதலாம் பிள்ளையா வாறவனை எனக்குத் தெரியாதோ. ஆனா அக்கா உள்ளையிருந்து சொன்னா: "உண்மைதான். இவர் புல்லும் வெட்டுறேல்லை, களையும் புடுங்கிறேல்லை, அந்தக் கதிரையை விட்டு எழும்புறதும் இல்லை. மான் இவரையும் ஒரு மரமெண்டுதான் நினைச்சிருக்கு."

சகலனுக்கு ரோசமே வரேல்லை. "ஐசே, நீர் தொட்டிக்குப் பக்கத்திலையே நிக்கிறீராம். மகள் சொன்னவள். பரிமாறவோ?"

உழைப்பாலை என்னை வெண்ட ஆக்கள் கனபேர். சோம்பலாலை வெண்டவர் இவர் ஒருத்தர்தான். அதுக்குப் பிறகும் நான் விடேல்லை, இன்னும் ஒரு கட்டுப் புல்லு வாங்கிக்கொண்டு வந்தன். காரிலையிருந்து தூக்கேக்கை இடுப்போடை நாரி பிடிச்சுது. ரெண்டு கிழமை படுக்கை. தொட்டியை ஒருத்தரும் தொடேல்லை, புல்லை ஒருத்தரும் வெட்டேல்லை.

ரெண்டாம் கிழமைக் கடைசியிலை, ஒரு பின்னேரம், தண்ணி குடிக்க மெல்ல எழும்பிக் குசினிக்கு வந்தன். யன்னலுக்கு அங்காலை மான் நிண்டது. தொட்டியைச் சுத்தி வளந்த புல்லைத் திண்டுகொண்டு. தொட்டி இடைஞ்சலா இருந்திருக்கவேணும், மூக்காலை அங்காலை அரக்கிப்போட்டுக் கீழை கிடந்த புல்லையும் திண்டது.

மகள் பெரியப்பா வீட்டிலை. ரெலிபோனை எடுத்தன். சகலன்தான் எடுத்தவர்.

"மகளை உடனை அனுப்புங்கோ."

"ஏன் ஐசே குசுகுசுக்கிறீர்?"

"மான் வந்திட்டுது."

"ஓ, இஞ்சை சாப்பிட்டிட்டு இப்பதான் வெளிக்கிட்டது. உம்மடை வீட்டை கை கழுவ வந்திருக்கும்."

மகள் முன்கதவாலை சப்பாத்தில்லாமல், சத்தமில்லாமல் வந்தாள். அப்பிடி நடக்கப் பழக்கினதும் அந்த மனிசன்தான் எண்டு அந்த நேரத்திலையும் எரிஞ்சுது. பக்கத்திலை வந்து நிண்டாள். மான் ஒருக்கா நிமிந்து பாத்திட்டுத் திரும்பக் குனிஞ்சுது.

"பாவம், தொட்டியிலை பழசெல்லே கிடக்கு. கொஞ்சம் புதுசு..." எண்டு கதவடிக்கு ஒரு அடி வைச்சன்.

அவள் என்ரை சேட்டு நுனியைப் பிடிச்சு இழுத்தாள். "அப்பா, டோன்ட். ஜஸ்ட் ஸ்டே."

நிண்டன். நாரி விண்விண்ணெண்டு வலிச்சுது. மான் திண்டு முடிச்சு, ஆறுதலாக் காட்டுக்குள்ளை போகுமட்டும் அவள் சேட்டு நுனியை விடேல்லை.

இரவு மேசையிலை தாய்க்குச் சொன்னாள்: "அம்மா, பெரியப்பான்ரை மான் இண்டைக்கு எங்கடை வீட்டை வந்தது."

மனிசி இன்னொரு கரண்டி சோத்தோடை வந்தவ. வயிறு நிறைஞ்சிட்டுது, வேண்டாம் எண்டன். போட்டிட்டுத்தான் போனவ.