அண்ணனுக்குக் கொண்டுபோன சாய்வு சைக்கிள்

நெதர்லாந்தில் எனக்கு எதிரே வருகிறவர்கள் முதலில் என் செருப்பைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. நான் ஓட்டுவது சாய்வு சைக்கிள். மூன்று சக்கரம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சாய்வு நாற்காலி மாதிரி ஓர் இருக்கை. கைப்பிடிகள் இடுப்புக்கு இருபுறமும் இருக்கும். கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தால் திட்டு விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். ஆரம்பத்தில் வயதானவர்கள் எதிரே வந்தால் என்னையறியாமல் காலை மடக்கிக்கொள்வேன். வண்டி நின்றுவிடும். அவர்களும் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்பார்கள்.

முதியோர் இல்லத்தில் பல வருடங்களாக ஆட்களைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை. அதில் என் முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு அவசரமில்லை, முதலில் லிக்ஃபீட்ஸ் ஓட்டிப் பாருங்கள் என்றார் பிசியோதெரபி செய்த பெண்மணி. படுத்தபடி ஓட்டும் சைக்கிள் என்று அர்த்தம். பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். ஆறு மாதத்தில் வலி அடங்கியது, சர்க்கரையும் குறைந்தது. காரை விற்றேன். பெட்ரோல், இன்சூரன்ஸ், பார்க்கிங் என்று மாதாமாதம் போய்க்கொண்டிருந்த பணம் கையில் நின்றது. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் வண்டியைக் காட்டி, "லெக்கர்?" என்று கேட்டார். லெக்கர் என்றால் ருசி என்றுதான் எனக்குத் தெரியும். "இன்னும் சமைக்கவில்லை" என்றேன். ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்; வேலையிடத்தில் கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டு விளக்கியபோதுதான் புரிந்தது.

அந்தச் சுகத்தை அனுபவிக்கும்போதெல்லாம் ஊரில் இருக்கும் என் கூடப்பிறந்த முருகேசண்ணன் ஞாபகம் வரும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு அவர் இடுப்பும் ஓய்வு பெற்றுவிட்டது. பைக்கில் உட்கார முடியாது; பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணில் நீர் வரும். திருவரங்குளத்து வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். போனில் "எப்படிண்ணே இருக்கீங்க?" என்றால், "இருக்கேன்த்தா" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. போன லீவுக்கு வண்டியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டே போனேன்.

முற்றத்தில் வைத்து நானே பொருத்தினேன். அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்ததும் அவர் முகம் இளகியது. "இடுப்பு வலிக்கவே இல்லையேத்தா" என்றார். ஆனால் கடைத்தெருவரை போன முதல் நாளே டீக்கடையில் ஒருவர் கேட்டுவிட்டார்: "கவர்மெண்டு குடுத்த வண்டியாண்ணே? எங்கப்பாவுக்கும் நடக்க முடியல. எங்கிட்டுப் போயி எழுதிக் குடுக்கணும்?"

அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அண்ணன் அங்கிருந்தே திரும்பி வந்து, வண்டியைச் சுவரோரம் நிறுத்திப் பழைய போர்வையைப் போட்டு மூடினார்.

"ஏண்ணே?"

"பஸ் ஓட்டுனவனை ஊரு இப்படிப் பாக்கணுமாத்தா?"

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே இவ்வளவு தூரம் சுமந்து வந்தேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். இரண்டு வாரம் போர்வை விலகவில்லை.

நான் நெதர்லாந்துக்குத் திரும்ப மூன்று நாள் இருந்தபோது, காலையில் எழுந்து பார்த்தால் போர்வை மட்டும் கிடந்தது. அண்ணி அடுப்படியிலிருந்து சொன்னார்: "நேத்து சாயங்காலம் கருப்பையா அண்ணன் சம்சாரம் போன் பண்ணுச்சு. டிரைவர் வந்தாரா, டிரைவர் வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். இவுக ராத்திரி சரியாச் சாப்பிடல. விடிஞ்சதும் கெளம்பிட்டாக."

கருப்பையா, என் அண்ணனோடு ஒரே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர். பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாலைந்து கிலோமீட்டர் தூரத்து ஊர்தான். அவராலும் வர முடியவில்லை, இவராலும் போக முடியவில்லை. பதறிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

அவர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. இருக்கையில் அண்ணன். பக்கத்தில் நாற்காலியில் கருப்பையா, நல்ல கையால் வண்டியின் பின்கம்பியைப் பிடித்திருந்தார். வாய் ஒருபுறம் இழுத்திருந்தது. என்னவோ சொல்ல முயன்றார். மூன்றாம் முறைதான் எனக்குப் பிடிபட்டது. "போலாம்... ரைட்."

அண்ணன் ஓர் அடி முன்னே மிதித்து நிறுத்தினார். குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கருப்பையாவின் மனைவி வாயைப் பொத்தியபடி உள்ளே போனார்.

திரும்பும்போது ஆட்டோவை மெதுவாக விடச் சொல்லி அண்ணன் கூடவே வந்தேன். "டீக்கடை வழியாத்தான் வந்தீங்களாண்ணே?"

"ஆமா. திரும்பவும் கேட்டான். முதுகு போச்சுப்பா, தங்கச்சி கொண்டாந்து குடுத்துச்சுன்னேன். அம்புட்டுத்தான்த்தா. டீ குடிச்சிட்டுப் போங்கண்ணேன்னான்." கோயில் தெரு வந்ததும் சட்டென்று சந்துப்பக்கம் திருப்பினார். "சாமிக்கு நேரா கால நீட்டக் கூடாது. நீ நேராப் போ, நான் இங்கிட்டுச் சுத்தி வாரேன்."

வண்டியை அண்ணனிடமே விட்டு வந்தேன். "ஒன் முதுகுக்கு என்னத்தா பண்ணுவ?" என்றுதான் விமானநிலையத்துக்குக் கிளம்பும்வரை கேட்டார். வேறொன்று வாங்கிக்கொள்வேன் என்றேன். இன்னும் சரியானது அமையவில்லை. இப்போதைக்கு பஸ்ஸில் போகிறேன். போன வாரம் தபால்காரர் வாசலில் நிறுத்தி, அந்தச் சிவப்பு வண்டியைக் காணோமே, விற்றுவிட்டீர்களா என்று விசாரித்தார்.

"இல்லை, வீட்டில் இருக்கிறது" என்றேன்.

அவர் திரும்பி, கதவு திறந்து கிடந்த என் காலிக் கொட்டகையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.