சித்திக்குக் காட்டாத பல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் சித்தி. பேச்சும் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான், தொட்டால் சுடும். அக்கா விஷக்காய்ச்சலில் கண்ணை மூடியபோது, தத்தி நடந்துகொண்டிருந்த அக்கா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், பிறகு இறக்கிவைக்கவே இல்லை. கல்யாணப் பேச்செடுத்தவர்களிடமெல்லாம், "முதல்ல குட்டி வளரட்டும்" என்று தட்டிக்கழித்தாள்.

பிறப்புப் பதிவில் குட்டியின் அப்பா பெயர் இல்லை. சரக்குக் கப்பல் சமையல்காரன் ஒருவனோடு வாழ்ந்த அக்கா, சண்டை போட்டுப் பிரிந்தபோது வயிற்றில் பிள்ளை இருந்ததை அவனுக்குச் சொல்லவே இல்லை.

குட்டிக்கு ஏழு வயதானபோது யார் மூலமோ விஷயம் தெரிந்து, கப்பல் வேலையை விட்டுவிட்டு அவன் வந்து நின்றான். தன்னைத் தகப்பன் என்று உறுதிசெய்து, பிள்ளையைத் தன் பொறுப்பில் விடவேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டான். வளர்த்தவளுக்குச் சட்டப்படி ஓர் உரிமையும் கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அவளும் பாதுகாவலர் உரிமை கேட்டு ஒரு மனுப் போட்டாள்.

எச்சில் எடுத்துச் செய்த பரிசோதனை, அவன்தான் அப்பா என்று சொல்லிவிட்டது. அவளுக்கு அது தேவைப்படவில்லை. அவன் மூக்கைப் பார்த்த அன்றே வயிறு பற்றி எரிந்தது. அப்படியே குட்டியின் மூக்கு! இத்தனை வருஷம் சோறு ஊட்டியும் தன் சாயல் நகக்கண் அளவுகூட ஒட்டவில்லையே!

பொறுப்பு யாருக்கு என்று முடிவாகும்வரை ஞாயிறுதோறும் அவன் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. அவன் வந்து உட்கார்ந்தால் போதும், சித்தி அவன் காலைச் சுற்றியே தரையைத் துடைப்பாள். அவன் ஆப்பிளை அன்னப்பறவையாக வெட்டித் தந்தான். குட்டி கைதட்டிக் குதித்தாள். மறுநாள் சலவைக்கூடத்துச் சாப்பாட்டு வேளையில் சித்தியும் மூன்று ஆப்பிளை வெட்டிப் பார்த்தாள். மிதிபட்ட தவளைதான் வந்தது.

ஒருநாள் குட்டி வாயைத் திறக்காமலே திரிந்தாள். சாப்பிடும்போது பார்த்தால், முன்பல்லைக் காணோம்.

"எப்படி விழுந்துச்சு? என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அப்பாவுக்குத்தான் முதல்ல காட்டணும்னு எடுத்து வெச்சிருக்கேன்."

சித்திக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விசாரணை நாளில், "பிள்ளைக்கு அவரோட பழக்கமே இல்லைன்னு சொல்லிடுங்க" என்று அவளுடைய வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"குழந்தை அவர்கிட்ட ஒட்டுதா?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

"ஒட்டுதாவா? நல்லா கேட்டீங்க போங்க!" அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "நேத்து வந்தவருக்காக, விழுந்த பல்லை என்கிட்டயே மறைச்சு வெச்சா! காய்ச்சல்னா மடியில போட்டு உக்காந்தவ நான். எனக்கு ரெண்டாவது இடமாம்!"

வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தன் வாயாலேயே எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது, கப்பல்காரன் எழுந்தான்.

"கெட்ட கனவு வந்தா யாரைக் கூப்பிடுவேன்னு குட்டிகிட்ட கேட்டேங்க. 'சித்தியை'ன்னா. 'அப்பாவைக் கூப்பிட மாட்டியா?'ன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னா." சித்தியைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கும் வயித்தெரிச்சல்தாங்க."

தீர்ப்பில் அவன் தகப்பன் என்று உறுதியானது. பதிவில் பெயர் ஏறியது. பாதுகாவலர் உரிமை சித்திக்கு. சனி, ஞாயிறு மட்டும் பிள்ளை அப்பாவிடம்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தவளுக்கு அந்த முதல் சனிக்கிழமை வீடு கடித்துத் தின்பது போலிருந்தது. ஞாயிறு சாயங்காலம், கோணல்மாணலான சடையோடு குட்டி ஓடிவந்தாள். பின்னால் அவன் நின்றான்.

"அப்பாவுக்குச் சடை பின்னவே வரல. நீ சொல்லிக் குடு சித்தி."

"அதெல்லாம் முடியாது." சித்தி குட்டியை இழுத்து முழங்கால்களுக்கிடையில் உட்கார்த்திக்கொண்டாள். "இது ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்."

அவன் சிரித்துவிட்டுப் படியிறங்கினான். அவள் சடையை அவிழ்த்து முதலிலிருந்து வாரத் தொடங்கினாள்.