சாக்குப்பையில் வந்த பிரிண்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூரில் நாங்கள் நான்கு பேர், ஞாயிறுதோறும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை இலவசமாகக் கொடுத்தோம். அதில் பிரிண்டர்களை ஓடவைக்கும் டிரைவர் நிரல்களையும் நாங்களே எழுதினோம். சம்பளம் கிடையாது, வசவு தவறாமல் கிடைத்தது.

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, தேய்த்த வெள்ளைச் சட்டையில் ஓர் அச்சகக்காரர் வருவார். சைக்கிள் கேரியரில் சாக்குப்பை, அதற்குள் பிரிண்டர்.

“இன்னா நைனா, ஓடவே மாட்டேங்குது. இன்னாதான் எய்தறீங்க?”

“பிரிண்டர் வித்தவனைக் கேட்டீங்களா, அண்ணே?”

“அவன் கடைல கூட்டமா கீது. பாவம், பொயப்ப பாக்கறான்.”

வேலையற்ற நான் மூன்று ஞாயிறு உட்கார்ந்து அதை ஓடவைத்தேன். அடுத்த ஞாயிறே சாக்கில் வேறொரு புது பிரிண்டர்.

“வாங்கறதுக்கு முன்னாடி, இது லினக்ஸ்ல ஓடுமான்னு எங்களை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“கேட்டா நீ வாணாம்னு சொல்லுவியே, நைனா.”

சாக்கை அவிழ்த்தேன். அந்தப் பதிலில் பிழை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.