பெரிய டாக்டரைக் கேட்டேன், மாதா சின்ன டாக்டரைத் தந்தாள்

என் பெயர் பிரகாசி. இனயம் கடற்கரையில் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிற சூசையின் மனைவி. மாதா எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் அவளோடு சண்டை போட்டதையும் சேர்த்தே சொல்வேன். அதை விட்டுவிட்டால் என் சாட்சி பாதிப் பொய்யாகிவிடும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், மூன்றாவது பிள்ளையைப் பெற்ற பிறகு, எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. தொண்டையில் புண் இல்லை. ஒரு வாய்ச் சோறு நெஞ்சுக்குழிக்கு மேலே வந்து நின்றுவிடும். தண்ணீர் குடித்தால் அதுவும் அதன் மேலே நிற்கும். எழுந்து நின்று மூச்சைப் பிடித்து அழுத்தினால் கொஞ்சம் இறங்கும். சில நாள் அதுவும் நடக்காது. குனிந்தால் தின்றது தின்றபடியே திரும்பி வரும். படுத்தால் மூக்கில் ஏறும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கப் பழகினேன்.

வைத்தியர் வாயு என்றார். அவர் கொடுத்த கஷாயமும் இறங்கவில்லை. டவுன் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே, மனசுல என்ன சங்கடம்?" என்று கேட்டார். பசித்துக் கிடக்கிறவளுக்கு மனசில் வேறு என்ன சங்கடம் இருக்கும்? ஆத்திரமாக வந்தது. எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கரையில் பேசிக்கொண்டார்கள். பேயை ஓட்டச் சிலுவை நட்ட குருசடி குருசடியாக என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். எலும்பும் தோலுமாக எழுந்து வந்தேன்.

இதையெல்லாம் பொறுத்தேன். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மையை வாங்க முடியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மெல்லிய அப்பமும் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மேலே வரப் பார்த்தது. ஆண்டவருடைய திருச்சரீரத்தைத் தரையில் துப்பிவிடுவேனோ என்று நடுங்கிப்போனேன். கோவில் காலியாகும் வரை வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலிலேயே இருந்தேன். அதற்குப் பிறகு பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நன்மை வாங்கும் கிராதிப் பக்கம் போகவில்லை.

சாமியாரிடம் சொன்னேன். நல்ல மனுஷர். "விசுவாசத்தோட வாங்கும்மா, இறங்கும்" என்றார். அப்படியானால் இத்தனை நாளும் எனக்கு விசுவாசம் இல்லையா? ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வந்தது. ஊரே எழுந்து போய் நன்மை வாங்கியது. பாவத்தை மறைத்தவளைப் போல நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். "சாமிகிட்ட சொல்ல முடியாத பாவம் என்னவோ" என்று பின்னால் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று, "நீயும் பொம்பளதானே? ஒனக்குக் காது கேக்காதா?" என்று கத்தினேன். அந்த வருடம் நான் செய்த ஜெபம் அதுதான்.

சில மாதம் கழித்து, என் புருஷனோடு கடலுக்குப் போகிற ஒருவருக்கு சாப்பிடும்போது மீன் முள் நெஞ்சுக்குள் போய்க் குத்தி நின்றுவிட்டது. மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போய்த் திரும்பி வந்த என் புருஷன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, ஒரு நீளக் கொழலு. இரும்பு. அதுக்க முனையில வெளக்கு எரியுது. வாய் வழியா நெஞ்சுக்குள்ள விட்டு முள்ள எடுத்துட்டாரு. உள்ளுக்குள்ளயே பாக்காவ!"

"அவருக்கு முள்ளு. எனக்கு என்ன இருக்கு, எடுக்கதுக்கு?"

"போய்க் கேப்பம். வாறியா, இல்லியா?"

போனோம். அங்கே பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். சுண்ணாம்பு மாதிரி ஒரு கரைசலைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் தூக்கிப் பிடித்து, புத்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உணவு இறங்கும் குழாயின் கீழ்வாசல் திறக்க மறுக்கிறது. பேய் அல்ல. மனமும் அல்ல." நான் அங்கேயே அழுதுவிட்டேன். என்னை நம்பிய முதல் டாக்டர் அவர்தான்.

அவர் என் தொண்டையை மருந்தால் மரத்துப்போகச் செய்து, அந்தக் குழலை உள்ளே விட்டு, அதன் வழியாக மெல்லிய ரப்பர்க் குச்சிகளைச் செலுத்தி வாசலை விரித்தார். அன்றைக்குக் கஞ்சி இறங்கியது. ஆனாலும் நன்மை வாங்கத் துணிச்சல் வரவில்லை. பாஸ்குவுக்குப் பார்ப்போம் என்றிருந்தேன். அதற்குள் வாசல் மறுபடியும் மூடிக்கொண்டது.

எரிச்சலோடு திரும்பிப் போனால், பெரிய டாக்டர் தன் நாட்டுக்கே திரும்பிப் போகப்போகிறார் என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் இந்தக் குழல் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "மாதாவே, அவரை நிறுத்து" என்று ஜெபமாலை சொன்னேன். மாதா நிறுத்தவில்லை.

அவருக்குப் பக்கத்தில் தேவதாஸ் என்று நம்மூர்ச் சின்ன டாக்டர் நின்றார். பலமுறை பார்த்திருக்கிறார், தன் கையால் செய்ததில்லை. "இம்முறை இவர் செய்வார். நான் அருகில் இருப்பேன். சம்மதமா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். குழல் கிழித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறைக்கவில்லை. வேறு வழி இல்லாமல் தலையாட்டினேன்.

மேசையின் விளிம்புக்கு வெளியே என் தலையை ஒரு நர்ஸ் தாங்கிப் பிடித்தாள். குழல் தொண்டையைத் தாண்டவில்லை. எனக்கு ஓங்கரித்தது. பல்லில் இரும்பு பட்டு ரத்தம் வந்தது. தேவதாஸ் டாக்டரின் வியர்வை என் நெற்றியில் சொட்டியது. பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். அவர் கையை நீட்டியிருந்தால் அன்றைக்கே நான் சாப்பிட்டிருப்பேன்! சின்ன டாக்டர் குழலை வெளியே எடுத்துவிட்டார்.

தொண்டை மரப்பு விட்டதும் பெரிய டாக்டரைக் கேட்டேன்: "நீங்க ஏன் செய்யேல்ல?"

"இன்று நான் செய்தால் இன்று நீ சாப்பிடுவாய். நான் கப்பல் ஏறிய பிறகு?"

அவர் சொன்னது புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

சாயங்காலம் தேவதாஸ் டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "அம்மா, தள்ளியிருந்தா போயிருக்குமோ என்னவோ. கிழிஞ்சிருமோண்ணு பயம் வந்துட்டு."

"பயந்து நிறுத்தினியளே டாக்டரே, அதுனாலதான் நான் உயிரோட கெடக்கேன். மறுபடி எப்ப செய்வியள்?"

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் போன பிறகு ஜெபமாலையை எடுத்தேன். "நான் கேட்டத நீ தரேல்ல. செரி. இந்த ஆளுக்க கையையாவது பிடிச்சுக்க" என்றேன். வேண்டுதல் என்று சொல்ல முடியாது. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மனதாரச் சொன்னேன்.

அந்த வாரமே மறுபடியும் செய்தார்கள். இந்தமுறை தேவதாஸ் டாக்டர் அவசரப்படவில்லை. என் தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். "விழுங்குங்கம்மா" என்றார். விழுங்கினேன். குழல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு குச்சியாக உள்ளே போனது. நெஞ்சுக்குழியில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று வலியோடு விட்டுக்கொடுத்தது. பெரிய டாக்டர் அப்போதும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஆனால் சிரித்தார். மறுநாள் நான் குடித்த தண்ணீர் நிற்காமல் வயிறு வரை குளிர்ந்துகொண்டே போனது.

அடுத்த பாஸ்குவுக்கு நன்மை வாங்கினேன். இறங்கியது. என்னைப் பேசியவள் எனக்கு அடுத்தே முழங்காலில் இருந்தாள். பேசியது தப்பு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தாமல் இல்லை.

என் நோய் அடியோடு போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வாசல் மெல்ல மெல்ல இறுகும். நான் போவேன், தேவதாஸ் டாக்டர் விரிப்பார். போன தடவை அவர் பக்கத்தில் வேறொரு இளம் டாக்டர் நின்றார். பெண். "இவங்களும் படிக்கணும். சம்மதமாம்மா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இன்னொரு கை, இன்னொரு பயம், இன்னும் கொஞ்சம் ரத்தம். பிறகு, இந்த மேற்குக் கடற்கரையில் எங்கேயோ சுவரில் சாய்ந்து தூங்குகிற இன்னொருத்தியை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

அன்பானவர்களே, மாதாவிடம் போங்கள். நல்ல வார்த்தை வரவில்லை என்றால் கோபத்தோடு போங்கள். அவள் என்னை வெளியே தள்ளவில்லை. உங்களில் யாருக்காவது சோறு இறங்காமல் இருந்தால் பேய் என்று ஒளிந்து கிடக்க வேண்டாம். இனயத்தில் வந்து என்னைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.