மார்பில் பட்ட குண்டு

போன்சுவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பெண்டாட்டி செர்வாவே அன்று காலையில் அதுசெய்யின் முகம் அச்சடித்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். செத்துப்போன அதுசெய் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான். இருந்தாலும், உயிரோடு இருக்கிற புருஷனின் முகத்தை எவன் துணியில் அச்சடித்தான்?

"சீக்கிரம் சட்டையைப் போடுய்யா. அமைச்சர் வந்து அண்ணன் சிலையைத் திறந்துடுவாரு."

"ஆமா, நான் போகலேன்னா சிலை எந்திரிச்சு ஓடிடும் பாரு!"

குமாசி நகரத்துக்குப் பக்கத்தில் அசுவாசோ ஊரிலிருந்து ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் போன்சுவும் அதுசெய்யும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போன நாற்பது சிப்பாய்களில் இவர்களும் இருந்தார்கள். வானொலி நிலையத்தைப் பிடித்ததோடு சரி. மத்தியானத்துக்குள் கதை முடிந்துவிட்டது. டாங்கிச் சத்தம் கேட்டதும் அதுசெய் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் பின்சுவரைப் பார்த்து ஓடினான். குண்டு முதுகில் பாய்ந்தது. கடைசித் தோட்டா வரை நின்று சுட்டவன் போன்சு. அப்புறம்தான் சாக்கடை வழியாகத் தப்பினான்.

அதுசெய்யின் உடம்பு ஊருக்கு வந்தபோது பெரியவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எப்படிச் செத்தான்? புறமுதுகு காட்டிச் செத்தவனுக்கு அங்கே ஒப்பாரியும் கிடையாது, மேளமும் கிடையாது. ஊருக்கு வெளியே குழி தோண்டி மூடிவிட்டு வந்துவிடுவார்கள். கோகோ தோட்டத்தில் ஒளிந்திருந்த போன்சுவுக்குச் சேதி எட்டியது. நேரே ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்துக்கு வந்தான். பூமித்தாயின் பெயரால் மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

"மார்புலதான் பட்டுச்சு. பக்கத்துல நின்னு பார்த்தேன்."

மேளம் அடித்தார்கள். மூன்று நாள் அழுதார்கள். நாலாம் நாள் போன்சுவைப் போலீஸ் பிடித்துப்போனது. ஒன்பது வருஷம் சிறை.

பிறகு அந்த ஆட்சி போய் வேறு ஆட்சி வந்தது. நேற்று வரை துரோகிகளாக இருந்தவர்கள் ஒரே அறிக்கையில் தியாகிகள் ஆனார்கள். அதிலும் மார்பில் குண்டு வாங்கியவன் என்றால் கேட்கவா வேண்டும்? பள்ளிக்கூடத்துக்கு அதுசெய் பெயர், லாரி நிறுத்தத்துக்கு அதுசெய் பெயர், இப்போது சிலை வேறு. ஓடினவன் வீரனாம், நின்றவன் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கோழித்தீவனம் விற்கிறான்!

திடலில் முன்வரிசையில் செர்வாவுக்குப் பக்கத்தில் போன்சு உட்காரப்போனான். விழாக்குழுச் செயலாளர் தோளைத் தொட்டார்.

"அண்ணே, இது தியாகி குடும்பத்துக்கு. தாய்வழிச் சொந்தம் மட்டுந்தான். தங்கச்சி புருஷன் அதுல வரமாட்டாருல்ல? பாட்டுக் கோஷ்டிக்குப் பின்னால போய் உட்காருங்க."

போய் உட்கார்ந்தான். திரை விலகியது. சிமெண்டு அதுசெய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நெஞ்சில் சிவப்புச் சாயத்தில் ஓர் ஓட்டை. ஜனம் ஆரவாரம் செய்தது. அதற்கு மேல் போன்சுவால் பொறுக்க முடியவில்லை. மேடையேறி மைக்கைப் பிடுங்கினான்.

"பொய்! அவன் ஓடினான்! குண்டு முதுகுல பட்டுச்சு! நின்னு சுட்டவன் நான்!"

செர்வா எழுந்தாள்.

"எங்கண்ணனைக் குளிப்பாட்டினது எங்கம்மாவும் நானும். அவன் நெஞ்சுக் காயத்தை இந்தக் கையாலதான் கழுவினேன். இந்த ஆளுக்குப் பொறாமை, வேற ஒண்ணுமில்ல."

ஊரே கைகொட்டிச் சிரித்தது. "இறங்குய்யா, கோழித்தீவனம்!" என்று எவனோ கத்தினான். செர்வாவே மேடைக்கு வந்து, புருஷன் கையைப் பிடித்து இறக்கி, திடலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆளில்லாத இடம் வந்ததும் அவன் கையை உதறினான். "அடிப்பாவி! கூசாம பொய் சொல்றியே!"

"முதுகுலதான் இருந்துச்சு," என்றாள் அவள். "எனக்குத் தெரியாதா? அம்மாவும் நானும் பார்த்துட்டு வாயைத் திறக்கல. வந்தா பிடிபடுவோம்னு தெரிஞ்சும் வந்து சத்தியம் பண்ணினியே, அந்தப் பொய்யைக் கேட்டுட்டுதான் ஒன்பது வருஷம் உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். எங்கண்ணன் வீரன்னு நான் என்னைக்குய்யா நினைச்சேன்?"

போன்சு அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா இந்த வீட்டுல ஒரு வீரன் இருந்தான். இன்னைக்கு நீயே அவனைக் கொன்னுட்டே," என்று சொல்லிவிட்டு, அவள் மட்டும் திடலுக்குத் திரும்பி நடந்தாள்.